கரண்ட்டு வைத்த கோளாறு

கரண்ட்டு ஒரு காரைச் சரிபண்ணும்போதே புதுசாக ஒரு கோளாறை உள்ளே வைத்து அனுப்புகிறான், சொந்த அக்கா வண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை என்று தெருவில் ஒரு பேச்சு. முடிவெட்டும் கடையில், என் காதோரம் கத்தரி ஓடிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். அந்த நிலையில் தலையாட்டி மறுக்க முடியாது. எழுந்ததும் விசாரிக்கக் கிளம்பினேன்.

கரண்ட்டு என்பது பட்டப்பெயர். கார்களுக்கு ஒயர் வேலை பார்ப்பவன். ஷாக் அடிப்பது ஒயரல்ல, அவன் வாய். "ஹாரன் வேலை செய்யலைப்பா" என்று வந்த ஒருவரிடம், "உங்க தொண்டை இருக்கும்போது அது எதுக்கு சார்?" என்று கேட்டவன். கைவேலை சுத்தம்தான். ஆனால் கையால் சேர்த்த வாடிக்கையாளர்களைவிட வாயால் சேர்த்த விரோதிகள் அதிகம். வதந்தி வந்து நின்றபோது அதற்கு நாற்காலி எடுத்துப்போடத் தெருவே தயாராக இருந்தது.

வந்த நேரமும் சரியில்லை. பள்ளிக்கூட வேன்களின் முதலாளி தன் வண்டிகள் மொத்தத்தையும் இவன் ஷெட்டில் விடுவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் ஷெட் பிழைக்கும், இல்லையென்றால் பூட்டவேண்டியதுதான். பேச்சு காதில் விழுந்ததும் முதலாளி, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். முதலாளிகள் யோசித்து நமக்கு நல்லது நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அக்கா வண்டியின் சங்கதி இதுதான். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு திடீரென்று எரியும். அக்கா புருஷன் வண்டியை ஷெட்டுக்கு ஓட்டி வருவார். வந்து நிற்கும்போது விளக்கு அணைந்திருக்கும். ஸ்கேனரை மாட்டினால் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்று காட்டும்.

"என்னடா, பெரிய மெக்கானிக்குங்குற, ஒண்ணுமே தெரியலைங்குறே?"

"வலிக்கிற இடத்தைக் காட்டாம டாக்டரைத் திட்டினா எப்படி மாமா?"

ஆனால் கரண்ட்டு ஒன்றைக் கவனித்திருந்தான். வரும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காரின் கடிகாரம் தப்பான நேரம் காட்டியது. அக்கா ரேடியோவில் பதிந்துவைத்த நிலையங்களும் காணாமல் போயிருந்தன. பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் இப்படி ஆகும். கழற்றினால் விளக்கு அணையும். காரின் கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறும் கூடவே அழிந்துபோகும். மாமாவுக்கு முதல் பாதிதான் தெரியும். மச்சினன் முன்னால் எரிகிற விளக்கோடு போய் நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வேலைக்காரி வருவதற்குமுன் வீட்டைப் பெருக்கிவைக்கும் ஜாதி.

ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனான். சாட்சிக்கு நானும் போனேன். வாசலில் செங்குத்தான சரிவு. மாமா வண்டியைப் பின்பக்கமாக அதில் ஏற்றியதும் விளக்கு எரிந்தது.

"அணைக்காதீங்க மாமா, அப்படியே இருக்கட்டும்!"

இந்த முறை ஸ்கேனர் வாய் திறந்தது: ஒரு சென்சாரின் ஒயரில் கோளாறு. பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருந்தது. சரிவில் பின்னோக்கி ஏறும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாய, ஒயர் ஓர் இரும்புப் பட்டையில் உரசி, தோல் உரிந்து செம்பு தெரிந்தது. சமதரையான ஷெட்டில் விளக்கு எப்படி எரியும்? ஒயருக்கு டேப் சுற்றி, பட்டையில் படாமல் தள்ளிக் கட்டினான்; ரப்பரையும் மாற்றச் சொன்னான்.

"நான் அப்பவே சொன்னேனே, ஒயருதான்னு" என்றார் மாமா. எப்போது, யாரிடம் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

"பேட்டரியைக் கழட்டினது யாரு மாமா?"

"எனக்கென்னப்பா தெரியும்?" என்று உள்ளே போய்விட்டார்.

வதந்தியின் ஊற்று எதுவென்று நான் அக்காவிடமே கேட்டேன். அவள் கொஞ்சமும் சுற்றி வளைக்கவில்லை.

"நான்தான் சொன்னேன். வண்டி ஏன் இன்னும் சரியாகலைன்னு வேன் முதலாளி சம்சாரம் கேட்டாங்க. இவரு பேட்டரியைக் கழட்டுறாருன்னு சொன்னா இவரு மானம் போயிடும். தம்பி மேல சொன்னா, அவன் நம்ம பையன்தானே, தாங்கிப்பான்னு நெனச்சேன்."

"நான் தாங்குவேன்கா. ஷெட்டு தாங்காது" என்றான் கரண்ட்டு. அவன் வாயிலிருந்து அவ்வளவு மெதுவாக ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "மாமா பேரே வேணாம். நான் எதையும் வைக்கலைன்னு மட்டும் அந்தம்மாகிட்ட சொல்லிடு."

"சொல்றேண்டா. இதுகூடச் செய்யமாட்டேனா?"

அதன்பின் மஞ்சள் விளக்கு எரியவில்லை. வேன்கள் வேறொரு ஷெட்டுக்குப் போய்விட்டன; இவன் ஷெட்டைப் பூட்டியாயிற்று. கரண்ட்டு இப்போது வேன்கள் போன ஷெட்டிலேயே சம்பளத்துக்கு அந்த வேன்களின் அடியில் படுத்துக் கிடக்கிறான். போன வாரம் அக்காவைப் பார்த்தேன். சொல்லியாயிற்றா என்று கேட்டேன்.

"எங்கே? அந்தம்மாவைப் பார்க்குறப்பல்லாம் கூட யாராவது நிக்குறாங்க" என்றாள்.