மேனேஜர் மகளுக்குப் போன கோப்பை

ஈப்போ திடலில் தொழிற்சாலை அணிகளின் சாப்ட்பால் இறுதியாட்டம் முடிகிறது. தாப்பா ஊர்ப் பக்கத்துப் பெண் சாந்தி வீசிய பந்தை எதிரணியில் ஒருத்தியாலும் அடிக்க முடியவில்லை. அவள் அணி எடுத்ததும் ஒரே ஓட்டம்தான். அது போதுமாக இருந்தது. ஆனால் சிறந்த ஆட்டக்காரர் கோப்பை, அந்த ஓட்டத்தை எடுத்த கம்பெனி மேனேஜர் மகளுக்குப் போகிறது. சாந்தியைப் பேனரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறான் போட்டோக்காரன். வழிப்போக்கனான எனக்கே ரத்தம் கொதிக்கிறது. இவர்களுக்கெல்லாம் கண் எங்கே போனது?

தோளில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருப்பவளிடம் போகிறேன். "உனக்குக் கோபமே வரலையாம்மா?"

"வராம இருக்குமா அண்ணே? போன வருஷமும் இப்படித்தான்லா. அந்தக் கோபத்தைத்தான் இன்னைக்கு வீசினேன்."

"இன்னைக்கு வந்த கோபம்?"

"வேற கம்பெனில கூப்பிடுறாங்க. அடுத்த வருஷம் மேனேஜர் மகள் என் பந்துக்கு முன்னால நிக்கட்டும்லா."