ஜும்மாவில் அறிவித்த குருவி

எங்கள் நாகூர் வீட்டில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் எது இருந்தாலும் அது வெளிநாட்டுச் சாமான்தான். சோப்பு, போர்வை, அத்தர் புட்டி எல்லாமே சவூதியில் வேலை பார்த்த வாப்பா அனுப்பியவை. அதனால் ஐப்பசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், கொல்லைக் கிணற்றடியில் ஒரு குருவி சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது உம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் மருதாணிச் சிவப்பு. உள்ளூரில் இத்தனை நிறம் ஏது? பயணம் போய்வந்த யாரோ கொண்டுவந்தது, கூண்டிலிருந்து தப்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள்.

கோழிக்கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்தோம். மூட்டம் போட்டிருந்த அந்தப் பகல் முழுக்கக் கூடையருகிலேயே கிடந்தேன். இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில் அந்த நீலம் வருவதும் போவதுமாக இருந்தது. விழித்திருந்தேனா, தூங்கிவிட்டேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அது எனக்கே வேண்டும் என்று அத்தனை ஆசை.

ஆனால் கிடைத்த பொருளைப் பள்ளிவாசலில் சொல்லிவிடுவது எங்கள் தெரு வழக்கம். ஜும்மா தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் சாவிக்கொத்து, ஒற்றைக் கொலுசு, அதன்பின் எங்கள் பறவை. யாரும் வந்துவிடக் கூடாதென்று துஆ செய்தேன். கிளியைத் தொலைத்த ஒருவர் மட்டும் வந்து எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். எனக்கு உயிர் வந்தது. குருவியோ நாங்கள் வைத்த நொய்யைத் தொடவே இல்லை.

மாலையில் வாப்பா வீடியோ காலில் வந்தார். என்னை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு போட்டோவுக்குப் பிறகு அவர் ஊருக்கு வந்ததில்லை. மங்கிய வெளிச்சத்தில் குருவி அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்குச் சற்று முன்பு கூடைக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. வாப்பாவின் முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

“அட, ஆறுமணிக்குருவி. வடக்கே காட்டுலேருந்து வருது. சின்ன வயசுல நம்ம கொல்லையில கேட்டிருக்கேன். அது யாரு வளர்த்ததும் இல்ல. புழு பூச்சி திங்கிறது, அடைச்சு வச்சா செத்துப்போயிரும். தொறந்து வுடுங்க.”

யாருடையதும் இல்லையென்றால் என்னுடையதுதானே என்று அழுது பார்த்தேன். உம்மா கூடையைத் தூக்கிவிட்டாள். குருவி தத்தித் தத்தி வேலியோரச் சருகுக்குள் போய் மறைந்தது. அது போன திசையையே உம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வருஷா வருஷம் வருமாங்க?”

“தவறாம வரும்.”

“அதுக்காவது வர முடியுது,” என்றாள் உம்மா.

திரையில் வாப்பாவின் முகம் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டதென்று நினைத்து, போனைப் பிடுங்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் வாசலுக்கு ஓடினேன்.