அக்காவின் கைக்கு ஒரு விரல்பலகை

தெருவில் அவனுக்குக் கோணல் என்று பெயர். ஆள் என்னவோ நேரான ஆள்தான். அவன் செய்கிற கிட்டார்கள்தான் கோணல். மற்றவர்கள் செய்யும் கிட்டாரில், ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டைகள் விரல்பலகையின் குறுக்கே ஏணிப்படி மாதிரி நேராக நிற்கும். இவன் பலகையில் அவை விசிறியாக விரிந்து கிடக்கும். "தூக்கக் கலக்கத்துல அடிச்சியா?" என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. அவனும் சளைக்காமல் விளக்குவான். தடித்த கம்பி நீளமாக இருந்தால்தான் தொளதொளக்காது, மெல்லிய கம்பிக்கு அவ்வளவு நீளம் வேண்டாம். இரண்டு ஓரத்துக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுப் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு சாய்ந்துதான் விழும். ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் நேராக நிற்கும். அது எது, மற்றவை எவ்வளவு சாய வேண்டும் என்பதை வாசிக்கிறவரின் கைதான் சொல்ல வேண்டும். கேட்டவர் இதற்குள் கடை வாசலைத் தாண்டியிருப்பார்.

அவன் பட்டறைக்கு மேல் மாடியில் அவனுடைய அக்கா குடியிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். "உன் கிட்டாரைச் சுவத்துல மாட்டினா சுவரே சாய்ஞ்ச மாதிரி இருக்குடா" என்பாள். தன் கைக்கு நேரான கிட்டார் போதும் என்று அடம்பிடித்தவள், போன வருஷம் அரங்கத்துப் படியில் ஸ்பீக்கர் பெட்டியோடு உருண்டு இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலியை மீறி மடக்கினால் நரம்பு போய்விடும், பிறகு டம்ளர் கூடப் பிடிக்க முடியாது என்றும் சொன்னார். கூடவே போயிருந்த தம்பி கோணல் அதை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டான். அக்கா மட்டும், "அவர் கிடக்கிறார். நீ உன் கோணல் கிட்டார் ஒண்ணு எனக்கும் செய்" என்றாள்.

அளவெடுக்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். ஃப்ரெட் பதிக்காத வெறும் பலகையில் காகிதம் சுற்றிக் கொடுப்பான். கண்ணை மூடிக்கொண்டு கையை அதில் போடச் சொல்லி, விரல்கள் விழுந்த சாய்வைப் பென்சிலால் குறித்துக்கொள்வான். அக்காவின் விரல்கள் கிட்டத்தட்ட நேராகவே விழுந்தன. மணிக்கட்டு மடங்குகிறதே என்று அவனுக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொரு தரம் போடச் சொல்லத் தோன்றவில்லை. ஏழாவது ஃப்ரெட்டை நேராக நிறுத்தி, மற்றவற்றுக்கு இலேசான சாய்வு கொடுத்து, கண்ணும் கருத்துமாக வெட்டி முடித்தான்.

கம்பி கட்டிய அன்று டிரம்ஸ்காரர் பட்டறைக்கு வந்தார். குழு அவருடையது. அக்கா இல்லாத நாட்களில் ஒரு இளைஞனை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை நிகழ்ச்சி. அவனா நீங்களான்னு இன்னைக்கே சொல்லியாகணும்மா. அவனும் நிரந்தரமா இடம் கேக்கறான்" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அக்கா வாசிக்க ஆரம்பித்தாள். பலகையின் நடுப்பகுதியில் விரல்கள் பழையபடியே ஓடின. டிரம்ஸ்காரர் தொடையில் தாளம் போட்டார். கோணலுக்கு மூச்சு வந்தது.

பாட்டு கீழ் சுரங்களுக்கு இறங்கியது. கை கிட்டார்க் கழுத்தின் கோடிக்கு, முதல் ஃப்ரெட்டுகளுக்குப் போனது. சுரம் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் அக்காவின் முழங்கை மெல்ல மேலே தூக்கிக்கொண்டது. கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தை விட்டு நழுவியது. மேலுதட்டில் வியர்வை அரும்பியது. மடங்காத மணிக்கட்டை அவள் முரட்டுத்தனமாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பாடா, பழைய கை அப்படியே இருக்கு. சனிக்கிழமை வந்துடுங்க" என்று டிரம்ஸ்காரர் எழுந்தார்.

அக்கா சிரித்தாள். கோணல் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் அவள் இடம் போய்விடும். திறக்காவிட்டால் கையே போய்விடும். தன் அளவு எங்கே பிசகியது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அதைவிட, அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அக்கா, அந்தக் கடைசி இடத்தை இன்னொரு தரம் வாசி."

"எதுக்குடா? அவருக்கு நேரமாச்சு."

"ஒரு தரம்."

அவள் முறைத்த முறைப்பில் வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவன் நகரவில்லை. அவள் வாசித்தாள். பாதியில் சுண்டுவிரல் மரத்துப்போய்க் கம்பியை விட்டு விழுந்தது. கம்பி கரகரத்து அடங்கியது. டிரம்ஸ்காரர் தாளத்தை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"அளவெடுத்த அன்னைக்கும் இப்படித்தான் மடக்கிப் பிடிச்சியா?" என்றான் கோணல்.

அக்கா கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"ஆமா."

"வலிச்சுதா?"

"உயிர் போச்சு. கை சரியாயிடுச்சுன்னு நீ நம்பணும்னு தோணுச்சு. நீ நம்பினா நானும் நம்பிடலாம்ல."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் வடிந்தும் போனது. அந்த நேர்க்கோட்டைப் பார்த்துக் குதித்தவன் அவனும்தானே. ஆறு மாதச் சிகிச்சையில் சரியாகாத கை ஒரு பென்சில் கோட்டில் சரியாகிவிட்டதாக அவனும் ஆசைப்பட்டான். ஃப்ரெட்டுக்காக வெட்டிய பள்ளங்களை இனி மாற்ற முடியாது. புதுப் பலகைதான்.

அக்கா டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பினாள். "அந்தப் பையனையே வச்சுக்கோங்க. என் கை இனிமே பழையபடி ஆகாது." அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கோணல் கேட்டது அதுதான் முதல் முறை. சொல்லிவிட்டு அழுதாள்.

"வேற மாதிரி வாசிக்க வந்தா சொல்லியனுப்புங்கம்மா. இடம் இருக்குமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோணல் வெறும் பலகையில் புதுக் காகிதத்தைச் சுற்றினான். அக்கா கண்ணை மூடினாள். இந்தத் தடவை கையை அதன் போக்கில் விட்டாள். விரல்கள் விழுந்த சாய்வைப் பார்த்து அவன் திடுக்கிட்டான். நேராக நிற்க வேண்டிய ஃப்ரெட்டைப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோனாலும் போதாது, தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் உள்ள நீள வித்தியாசத்தையும் இன்னும் கூட்ட வேண்டும். அவ்வளவு கோணலை அவன் எந்தப் பலகையிலும் வெட்டியதில்லை. கோட்டை ஒரு நூல்கூடக் குறைக்காமல் இழுத்தான்.

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இதுவாடா என் கை?"

"இதுதான்க்கா."

"சரி. இதுக்கே செய்."