ஐயாவின் எட்டுக்கு அறுத்த சாவல்

வெந்நீரில் முக்கிய கோழியின் இறகிலிருந்து ஒரு மணம் எழும். நனைந்த சாக்கும் சாம்பலும் இரும்பும் சேர்ந்தாற்போல, தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் மணம். அந்த மணத்தோடுதான் எனக்கு அந்தக் காலை நினைவுக்கு வருகிறது. மற்றபடி அந்த வாரத்தில் நடந்தவை எல்லாம் யாரோ சொல்லக் கேட்டவை போலத்தான் இருக்கின்றன.

யுத்த காலம் அது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்குக் கிட்ட இருந்த எங்கள் ஊரில் ஐயா, என் தகப்பனார், புகையிலைத் தோட்டம் செய்தவர். ஒரு விடியற்காலை தோட்டக் கிணற்றில் ஏற்றத்தின் துலா மரத்தில் ஏறி மிதித்து நீர் இறைத்துக்கொண்டிருந்தபோது, கால் வழுக்கி மேலிருந்து விழுந்தார். நாலு பேர் தூக்கிவந்து முற்றத்தில் இறக்கியபோது மூச்சு இருக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். ஒப்பாரி வைத்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து உலுக்கினார்கள். உலுக்கிய பக்கமெல்லாம் ஆடினேனே தவிர, அழுகை வரவில்லை. அம்மா சுவரைப் பார்த்தபடி பாயில் கிடந்தார். அவருக்குப் பேச்சே நின்றுபோயிருந்தது.

எட்டாம் நாள் "எட்டுச் செலவு". செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, பொழுது படும்போது அவருக்குப் படைக்க வேண்டும். ஐயாவுக்குப் பிடித்தது சாவல் கோழிக் கறி; அதுவும் எங்கள் வீட்டைச் சுற்றிய வளவில் மேய்ந்த சாவலாக இருந்தால்தான் கை வைப்பார். அதை அறுப்பதும் அவரேதான். இப்போது வளவில் செங்காரிச் சாவல் ஒன்று நின்றது, அறுக்கிறவர்தான் இல்லை.

ஐயா கோழி அறுப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். முதல் நாள் மாலையே அதைப் பிடித்துப் பனையோலைக் கடகத்தால் மூடி, தண்ணீர் மட்டும் வைப்பார். காலையில் சால்வையால் கண்ணை மூடிச் சுற்றி, கையிடுக்கில், கமக்கட்டுக்குள் அணைத்துக்கொண்டு, அதன் நெஞ்சடிப்பு அடங்கும்வரை சும்மா இருப்பார். "நாங்கள் பதறினால் அதுவும் பதறும்" என்று யாருக்கென்றில்லாமல் சொல்லுவார். பிறகு ஒரே இழுப்பு. சத்தம்கூட வராது.

அன்றைக்கு அந்த வேலை மாமாவின் தலையில் விழுந்தது. மாமா அம்மாவின் தம்பி. நெல்மூட்டையைத் தனியே தூக்குகிறவர். ஆனால் முதல் நாளே சாவலைப் பிடித்து வைக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அதனால் காலையில் வளவு முழுக்க அதைக் கலைத்துத் துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிடித்தபோது சாவலுக்கும் இளைப்பு, மாமாவுக்கும் இளைப்பு. கத்தியைக் கழுத்தில் வைத்தார். செட்டைச் சிறகு ஒன்று விடுபட்டு அவர் முகத்தில் அடிக்க, கத்தி அரைகுறையாகப் பட்டு, கழுத்து இறகெல்லாம் சிவந்தது. மாமா அதை நெஞ்சோடு அமத்திப் பிடித்தபடி குந்தியிருந்து, "அத்தான், அத்தான்" என்று விம்மத் தொடங்கிவிட்டார்.

சாவல் வாயைத் திறந்து திறந்து மூடியது. இதை ஐயா பார்த்திருந்தால் என்ன செய்வார் என்ற ஒன்றுதான் எனக்குள் ஓடியது.

"தாங்கோ மாமா" என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளை உயிர் எடுக்கிறதே? நாளைக்குப் பிள்ளை பெறப்போறவள்!" என்று சமையல் குசினி வாசலில் நின்ற பெரியம்மா அதட்டினார். நான் கையை நீட்டியபடி நின்றேன். மாமா கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. இத்தனை நாளில் அவர் கதைத்த முதற் பேச்சு அது.

"அவள் செய்யட்டும், அக்கா. அவள் அவரின்ரை பிள்ளையெல்லே."

கொடியில் ஐயாவின் சால்வை கிடந்தது. வேறு துணி தேடத் தோன்றவில்லை. சாவலின் தலையை மூடிச் சுற்றி, கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். காயம்பட்ட உயிரைக் கனநேரம் வைத்திருக்கவும் கூடாது. அதன் நெஞ்சு என் விலாவில் படபடவென்று அடித்தது. என்னிடம் பதறுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அதனாலோ என்னவோ, அதுவும் மெல்ல அடங்கியது. தாடைக்குக் கீழே கத்தியை வைத்து இழுத்தேன். கால்கள் உதைத்து ஓயும்வரை விடாமல் பிடித்திருந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் கை செய்த வேலை. வெந்நீர் கொதி வருமுன் இறக்கினேன். கொதித்தால் இறகோடு தோலும் வந்துவிடும். முக்கி எடுத்து இறகு பிடுங்கி, மிஞ்சிய பூமயிரைத் தென்னோலை நெருப்பில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவினேன். வயிற்றைக் கீறிக் குடலை இழுத்து, பித்தப்பை உடையாமல் ஈரலைப் பிரித்தேன். எல்லாம் சரியாக வந்தது. அது எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. பெரியம்மா சட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

பொழுதுபட, தலைவாழை இலையில் படைத்தார்கள். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். மாமா மட்டும் கறியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் கோழி தின்றதில்லை. நான் தின்றேன். அம்மா தன் இலையிலிருந்த ஈரல் துண்டை எடுத்து என் இலையில் வைத்தார். கலியாணம் கட்டிப் போகும்வரை அந்த வீட்டுக் கோழிகளை நானே அறுத்தேன். யாரும் என்னைக் கேட்டதில்லை, கத்தியை எடுத்துத் தருவார்கள், அவ்வளவுதான். நாலு பிள்ளையும் பெற்றேன்.

இப்போது அந்த ஊரில் துலா இல்லை. வளவில் கோழி விடுவாரும் இல்லை. போன மாதம் தம்பி போய்விட்டான். அவனுடைய எட்டுச் செலவுக்கு யாழ்ப்பாணத்துக் கடையொன்றிலிருந்து கறியும் சோறும் மூடிபோட்ட பெட்டிகளில் வந்து இறங்கின; மருமகள்மார் திறந்து இலையில் பரிமாறினார்கள். "மனசிலை வைச்சிருக்காதேங்கோ மச்சாள், ஒருக்கால் வாய்விட்டு அழுங்கோ" என்று அவன் மனைவி என் தோளைத் தொட்டாள். "ஓம் பிள்ளை" என்றேன். செய்வதற்கு ஒரு வேலை கேட்டேன். ஒன்றும் இல்லை, நீங்கள் இருங்கோ என்றார்கள்.