முத்துச்சாமி அண்ணன் நிற்காமல் போன கணவாய்

முத்துச்சாமி அண்ணனைப் பற்றி யார் பேசினாலும் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. புகழ்ந்தாலும் வருகிறது, திட்டினாலும் வருகிறது. இருபத்திரண்டு வருஷமாக அவரோடு பழனிக்குப் போகிறவன் நான். நடந்து இல்லை. என் பெயர் பிராங்க்ளின், மாதா கோயில்காரன், திண்டுக்கல்லில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அவருடைய பாதயாத்திரைக் குழுவின் பைகள், பாய்கள், சோற்று அண்டா எல்லாம் என் வண்டியில்தான் போகும். வெறுங்காலோடு நடக்கிறவர்களை சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு போவதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. ஆனாலும் நடக்கிறவனுக்குத் தெரியாத சில விஷயங்கள் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

அண்ணனுக்கு ஐம்பத்து நான்கு வயது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். தோட்டத்துக் கிணறு வற்றியதும் பத்தொன்பது வயதில் உள்ளே போனவர், இன்னும் அதே மில் பஸ்ஸில்தான் போய் வருகிறார். சிவனம்மாள் மதினியைக் கட்டிக்கொண்டு வந்தபோது கூடவே ஆறு வயதுத் தம்பி அழகரும் வந்தான். தாயில்லாத பிள்ளை. அக்காளும் மாமனும்தான் அவனுக்கு எல்லாம். "சீருக்குப் பீரோ கேட்டேன், பயலக் குடுத்துட்டாங்க" என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார். சொந்தமாகப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த வருத்தம் வீட்டில் தெரியாதபடி அழகர் வளர்ந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்தான். முப்பத்தொரு வயதில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குழுவின் நடைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காகவும் யாரும் நிற்பதில்லை. கேட்க ஈரமில்லாத பேச்சாக இருக்கும், ஆனால் நடந்தவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். ஒவ்வொருவர் காலுக்கும் ஒரு வேகம் உண்டு. அடுத்தவன் வேகத்துக்கு நடந்தால் இரண்டு பேருக்கும் வலிக்கும். நடுவில் நின்று உட்கார்ந்துவிட்டால் கால் பிடித்துக்கொள்ளும், பிறகு எழுந்திருக்க முடியாது. அதனால் பின்தங்கினவன் "நீங்க போங்க, நான் வாரேன்" என்பான். முன்னால் போகிறவன் "மெதுவா வா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். ரோடு முழுக்க ஜனம், பத்தடிக்கு ஒரு மோர்ப் பந்தல். அடுத்த மண்டபத்தில் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் வராமல் இருந்ததில்லை. அழகருக்கு ஏழு வயதில் முதல் நடை. அந்த ஒரு வருஷம்தான் அண்ணன் தன் வேகத்தை விட்டுக்கொடுத்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம்.

இமயமலை யோசனை அழகருடையது. கடையில் வேலையில்லாத நேரத்தில் பனிமலை வீடியோவாகப் பார்ப்பான். ஒரு நாள் என் வண்டியில் சாய்ந்து நின்று, "முப்பது வருசமா ஒரே ரோட்டுல நடக்குறீங்களே மாமா, ஒரு தடவ அங்க போய் நடந்து பாப்பமா?" என்றான். இமாசலப் பிரதேசத்தில் பதினேழாயிரம் அடி உயரத்தில் ஒரு கணவாய். ஏறி அந்தப் பக்கம் இறங்க ஏழு நாள். அண்ணனுக்குக் கண் விரிந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. "கொடைரோடு ஸ்டேசன்ல எறங்குனாலே ஸ்வெட்டர் தேடுற ஆளுக, பனியில என்ன பண்ணுவீக?" என்று கேட்டேன். இருவரும் சிரித்தார்கள்.

நான்கு மாதம் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டைக் கதவு திறந்ததும் முதுகில் மணல் மூட்டையோடு ஏறுவார்கள், இறங்குவார்கள், மறுபடி ஏறுவார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஜூன் மாதம் டெல்லி ரயிலில் ஏற்றிவிட நானும் மதினியும் ஸ்டேஷனுக்குப் போனோம். மதினி ஒரு தூக்குப் புளிச்சோறும் விபூதிப் பொட்டலமும் கொடுத்து, "அவனப் பாத்துக்கங்க" என்றார். அண்ணன் ரயிலுக்குள்ளிருந்து, "நான் பாக்காம வேற யாரு பாப்பா?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊருக்கு ஒரு விதமாகவும் எனக்கு ஒரு விதமாகவும் அண்ணன் சொன்னார்.

ஊருக்குச் சொன்னது இது. கணவாய் ஏறுகிற அன்று பனி கொட்டியது. அழகருக்கு மூச்சு முட்டியது. அண்ணன் அவனை மடியில் கிடத்தி, ஷூவைக் கழற்றிப் பாதத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். தண்ணீர் கேட்டான், கொடுத்தார். இரண்டு மடக்குக் குடித்தான். உயிர் போய்விட்டது.

பெட்டி வந்து இறங்கிய அன்று, "கடேசியா தண்ணி கேட்டானா?" என்று மதினி கேட்ட ஒரே கேள்விக்கு வந்த பதில் இது. அதற்குமேல் மதினி எதுவும் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "மாமன் மடியிலதான் போனான். தண்ணி குடிச்சிட்டுத்தான் போனான்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பதினாறு நாளையும் தள்ளினார். தாய் செய்ய வேண்டியதை மாமன் செய்தான் என்று ஊர் பேசியது. மில்லில் சின்னப் பசங்கள் அண்ணனைக் கண்டால் எழுந்து நின்றார்கள். பனியில் அவருக்கு இடது காலில் இரண்டு விரல் நுனி கறுத்துப் போய் வெட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து மரியாதை இன்னும் கூடியது.

எனக்குச் சொன்னது ஆவணி மாதத்தில், கோட்டை அடிவாரத்தில், என் வண்டிக்குள் உட்கார்ந்து.

கணவாய் ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே கூடாரத்தில் அழகர் தலை வெடிக்கிறது என்றிருக்கிறான். வழிகாட்டியிடம் சொன்னால் கீழே திருப்பி அனுப்பிவிடுவான் என்று பயம். அண்ணன் ஒரு மாத்திரை கொடுத்து, நெற்றியில் விபூதி பூசி, "நடந்தா சரியாப் போயிரும் அப்பு" என்று சொல்லியிருக்கிறார். பழனி ரோட்டில் எல்லா வலியும் நடந்துதான் சரியாகும். மறுநாள் எட்டுப் பேர் ஏறினார்கள். வழிகாட்டி முன்னால், கடைசியில் ஒரு காவல் ஆள். பாதி ஏற்றத்தில் புனேக்காரப் பெண் ஒருத்தி விழுந்துவிட்டாள். காவல் ஆள் அவளைக் கீழே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. போகும் முன் அண்ணனிடம் வந்து, இரண்டு விரலை ஒட்ட வைத்துக் காட்டி, அழகரைக் காட்டி, மறுபடி விரலைக் காட்டினான். அவனை விட்டுப் பிரியாதே என்று அர்த்தம்.

"புரியலையாண்ணே?" என்று கேட்டேன். அவருக்காக ஒரு சாக்கைத் தேடித்தான் கேட்டேன்.

"நல்லாப் புரிஞ்சுச்சு. தலைய ஆட்டுனேன்" என்றார்.

பிறகு மற்றவர்களுக்குப் பின்னால் அண்ணனும் அழகரும் மட்டும் நடந்திருக்கிறார்கள். அழகர் பத்தடிக்கு ஒரு தடவை நின்றான். அண்ணனுக்கு நிற்க நிற்கக் கால் விறைத்தது. அப்போது அழகரே சொல்லியிருக்கிறான். "நீங்க போங்க மாமா. வழி ஒன்னுதான. நான் வாரேன்." அண்ணன் வாயிலிருந்து, முப்பது வருஷம் வந்த மாதிரியே, "மெதுவா வா" என்று வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டார்.

"யோசிக்கவே இல்ல பிராங்க்ளின். வாயி சொல்லிருச்சு, காலு நடந்துருச்சு. மேல போயி துணிக் கொடியெல்லாம் கட்டிருந்த எடத்துல நிக்கும்போது சந்தோசமா இருந்துச்சு. அதான் என்னால தாங்க முடியல. அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு."

கணவாய் உச்சியில் வழிகாட்டி, "அவர் எங்கே?" என்று கேட்டதற்கு, "வாரான், வாரான்" என்று கை காட்டியிருக்கிறார். கால் மணி நேரத்தில் பனி கண்ணை மறைத்தது. வழிகாட்டி இறங்கிப் போய்த் தேடிவிட்டு ஒற்றை ஆளாகத் திரும்பினான். மற்றவர்களையும் பறிகொடுக்க முடியாது என்று எல்லாரையும் அந்தப் பக்கம் இறக்கினான். அண்ணன் போக மாட்டேன் என்று பனியில் உட்கார்ந்தபோது இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். விரல் போனது அப்போதுதான். மறுநாள் காலையில் தடத்தை விட்டு விலகி ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அழகர் கிடைத்தான். ஷூ இரண்டையும் கழற்றி, ஜோடியாக, பக்கத்தில் வைத்திருந்தான். குளிர் முற்றினால் உடம்பு எரிகிற மாதிரி இருக்கும், இப்படிக் கழற்றிப் போடுவார்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

"அவ தண்ணி கேட்டானான்னு கேட்டா. நான் பக்கத்துலயே இல்லையே ஆத்தான்னு எப்படிச் சொல்லுவேன்? இப்பச் சொல்லிரவா?"

நான் வேண்டாம் என்றேன். "அந்த ரெண்டு மடக்குத் தண்ணிலதான் மதினி உசுரோட இருக்கு. வாய மூடிட்டுக் கெடங்க" என்று அதட்டினேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. எங்கள் கோயில் சாமியார் ராயப்பராஜிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அது என் பாவமா அவர் பாவமா என்று குழம்பி வந்துவிட்டேன்.

அண்ணன் வாயை மூடினார். ஆனால் வீட்டில் மதினி காட்டிய அன்பு அவரை அரித்துத் தின்றது. அழகருக்கு எடுத்து வைக்கிற கறித்துண்டை மதினி இவர் தட்டில் வைப்பார். அந்த விரல் வெட்டிய காலுக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். "என் தம்பி காலத் தேய்ச்ச மனுசன்" என்று என்னிடமே சொன்னார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்தது. இந்த வருஷம் வரவில்லை என்று அண்ணன் குழுவிடம் சொல்லிவிட்டார். மதினி விடவில்லை. இதுவரை பழனிக்கு நடந்தே பார்க்காதவர், அழகருக்காகத் தானே மாலை போட்டுக்கொண்டார். மனைவியைத் தனியாக அனுப்ப முடியாமல் அண்ணனும் வந்தார். எப்போதும் முன்னால் கொடி பிடிக்கிற மனிதர் இந்த முறை எல்லாருக்கும் கடைசியில் நடந்தார். யாராவது முள் எடுக்க நின்றால் இவரும் நின்றார். "அண்ணே, ஆட்ட மேய்க்கிறாப்ல வாரீகளே" என்று பசங்கள் கிண்டல் செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் நாள் காலை, சத்திரப்பட்டி தாண்டி, மதினியின் பாதம் கொப்பளித்து உடைந்துவிட்டது. மைல்கல்லில் உட்கார்ந்தார். குழு முன்னால் போய்விட்டது. நான் வண்டியை ஓரங்கட்டித் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினேன். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒற்றைக்காலில் பாரம் வைத்து அவர் நிற்பதைப் பார்க்க மதினிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நின்னா ஒங்களுக்குக் கால் பிடிச்சுக்கிரும்" என்றார். "நீங்க போங்க. வழி ஒன்னுதான. நான் வாரேன்."

அண்ணன் போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணே, வேணாம்" என்றேன். அவர் தார் ரோட்டிலேயே மதினி காலடியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். தலைவலியை மறைத்தது, ஒட்டிக் காட்டிய இரண்டு விரல், "மெதுவா வா" என்றது, உச்சியில் சந்தோஷமாக நின்றது. எதையும் குறைக்கவில்லை. பக்கத்தில் வேற்று ஊர்க் குழு ஒன்று அரோகரா போட்டுக்கொண்டு போனது. அவர்கள் கடந்து போகும்வரை நிறுத்தி, பிறகு மறுபடி சொன்னார்.

மதினி அழவில்லை. "அப்ப தண்ணி?" என்று கேட்டார்.

"குடுக்கல ஆத்தா. நான் அங்க இல்ல."

"சோடு?"

"அவனே கழட்டி வச்சிருந்தான். ஜோடியா."

மதினி தன் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு, "கோயில் வந்துருச்சுன்னு நெனச்சிருப்பான்" என்றார்.

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுத சத்தத்தை நான் திரும்பச் சொல்ல மாட்டேன்.

நான் நீட்டிய தண்ணீரை மதினி வாங்கவில்லை. மைல்கல்லைப் பிடித்து எழுந்தார். உடைந்த கொப்புளம் தாரில் பட்டதும் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. இருந்தும் நடந்தார். நான்கைந்து எட்டு வைத்த பிறகு நின்றார், திரும்பவில்லை.

"நீங்க மெதுவா வாங்க" என்றார்.

பழனி மலை தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. மதினி அதைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார். கூட்டத்தில் கலக்கும்வரை அந்த மஞ்சள் சேலையை நான் பார்த்தேன். "வண்டில ஏறுங்கண்ணே, போயி மறிச்சுக்கலாம்" என்றேன். அண்ணன் ஏறவில்லை. எழுந்து பின்னாலேயே நடக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்ததில் கால் பிடித்துக்கொண்டிருந்தது.