அப்பாவின் ஈறுக்கு ஒரு பிரஷ்

அம்மா இறந்த பிறகு அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். சோற்றில் நிறைய தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, இரண்டு வாய் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். துக்கம் என்று நினைத்தேன். எனக்கும் அதே துக்கம்தான், ஆனால் எனக்குப் பசித்தது. இப்படியே இவரும் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் குழாயடியில் அவர் துப்பியதைப் பார்த்தேன். நுரையெல்லாம் சிவப்பு.

"நைனா, இன்னா இது ரத்தம்?"

"ஈறு வீங்கிக்கீது. கொஞ்ச நாளாவே அப்படித்தான். மென்னா உயிர் போவுது."

"ஏன் சொல்லல?"

"உங்கம்மா போய்ட்டா. நான் பல்லு வலின்னு பொலம்பிக்கினு இருக்கவா?"

நான் அழுதிருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்கு இனி என்னால் எதுவும் செய்ய முடியாது. ஈறு என்றால் டாக்டர் இருக்கிறார், கடை இருக்கிறது. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு, ஆம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா பல்லில் படிந்திருந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பல் செட்டையும் பிரஷையும் கொடுத்து, "எப்படித் தேய்ப்பீங்க, காட்டுங்க" என்றார். அப்பா செட்டை இடது கையில் இறுக்கிப் பிடித்து, பிரஷை முஷ்டியில் வைத்து, தோளையே சாய்த்து அழுத்தித் தேய்த்தார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் ரஃபிங் வேலை. சோல் ஒட்டுவதற்கு முன்னால் தோலின் பளபளப்பைக் கம்பி பிரஷால் சுரண்டி எடுப்பார். சுரண்டாத தோலில் பசை பிடிக்காது.

"ஐயா, அது ஷூ இல்ல" என்றார் டாக்டரம்மா.

"சொரண்டலன்னா பேஸ்ட்டு எப்படிம்மா புடிக்கும்?"

"பேஸ்ட்ட ஒட்ட வைக்கப் போறதில்லீங்க. சாஃப்ட் பிரஷ் வாங்குங்க. ஈறு ஓரமா சின்னச் சின்ன வட்டமா, அழுத்தாம தேய்ங்க."

வெளியே வந்தும் அவர் நம்பவில்லை. மெத்தென்ற பிரஷ் குழந்தைகளுக்கானது என்றார். நான் நடுரோட்டிலேயே நின்றுவிட்டேன்.

"நைனா, ஷூவுக்கு உள்ள வைக்கற லைனிங் தோல்ல கம்பி பிரஷ் போடுவியா?"

"கிழிஞ்சிடும்."

"ஈறும் அதான்."

கொஞ்ச தூரம் நடந்தார். மெடிக்கல் ஷாப் வாசலில் அவராகவே நின்றார்.

கடைக்கார பாய் கண்ணாடிப் பெட்டி மேல் பிரஷ்களைப் பரப்பினார். எனக்குப் பண்டிகைக்குத் துணி எடுக்க வந்தது போல இருந்தது. சிறிய தலை வேண்டும், அப்போதுதான் கடைவாய் வரை இடிக்காமல் போகும். முடி நெருக்கமாக, மெல்லிசாக இருக்க வேண்டும்.

"பிரிச்சிப் பாக்கலாமா பாய்?"

"பிரிச்சா நீதான் எடுத்துக்கணும்."

பிரித்து, மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தேன். கீறவில்லை. அப்பாவின் கையிலும் தேய்த்தேன்.

"இன்னாம்மா, கல்யாணப் புடவையா எடுக்கற?" என்றார் பாய்.

பல்லை வெள்ளையாக்குகிற பேஸ்ட்டை அப்பா கையில் எடுத்தார். அது நரநரவென்று இருக்கும் என்று நான் அவர் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்துவிட்டேன். பல் கூச்சத்துக்கான, அதிகம் எரியாத பேஸ்ட்டை பாய் காட்டினார்.

"எரியலன்னா அது வேல செய்யாது பாய்" என்றார் அப்பா.

"எரிஞ்சி எரிஞ்சிதான இப்படி ஆயிக்கீது உனக்கு. எடுத்துக்கினு போ."

மறுநாள் காலை குழாயடியில் அவர் பக்கத்திலேயே நின்றேன். கை பழையபடி முஷ்டிக்குப் போனது.

"பீடி புடிக்கற மாதிரி விரல்ல புடி நைனா."

"இதுக்கெல்லாம் சூப்பர்வைசரா நீ?" என்றார். ஆனால் விரல் நுனியில்தான் பிடித்தார்.

முதலில் கொஞ்சம் சிவப்பு வந்துகொண்டிருந்தது. பிறகு குறைந்தது. ஒரு காலையில் வெறும் வெள்ளை நுரையைத் துப்பினார். நான் கை தட்டிவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

அன்று மாலை அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"தோச மாவு கீதா?"

"கீது."

"மொறுமொறுன்னு ஒண்ணு ஊத்து."

அம்மா போன பிறகு அவர் வாய் திறந்து கேட்ட முதல் சாப்பாடு. அவசரத்தில் கல் காய்வதற்குள் ஊற்றிவிட்டேன். தோசை பிய்ந்து சுருண்டது. வேறு ஊற்றித் தருகிறேன் என்றேன். தட்டை நீட்டி அதையே வாங்கிக்கொண்டார்.

"உங்கம்மாவுக்கும் அவசரம்தான்" என்று சொல்லிவிட்டு, சுருண்ட ஓரத்தைக் கடித்தார். மெதுவாக மென்றார். நான் அடுத்ததை ஊற்றினேன்.