வாசலில் மாட்டிய புகைப்பெட்டி

"...அப்போ இந்தப் பொட்டி எனக்கா தம்பி, இல்ல வாசலுக்கா?" என்று கேட்டார் மல்லிகா அக்கா. அடி அண்ணாமலையில் விறகடுப்பு வைத்துத் தோசைக்கடை நடத்துகிறவர்.

மிக்ஸி ரிப்பேர் பார்த்துவந்த நான், அடுப்புப் புகையை இழுத்து வடிகட்டும் கூண்டு ஒன்றை நானாகவே கற்றுக்கொண்டு செய்திருந்தேன். காற்றில் எவ்வளவு புகை என்று காட்டும் சின்னப் பெட்டியும் கூடவே உண்டு. இரண்டையும் முதலில் அக்கா கடையில்தான் மாட்டினேன். அன்று காலை ஆசிரமம் பக்கம் மெஸ் நடத்தும் ஒருவர் பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் அதுதான் என் முதல் ஆர்டர்.

பெட்டியை வாசல் நிலையில், நல்ல காற்று வரும் இடமாகப் பார்த்து மாட்டியிருந்தேன். புகை குறைவு என்று பச்சை விளக்கு எரிந்தது.

"அடுப்புச் சூடு பட்டா கெட்டுடும்க்கா, அதான்" என்றேன். அது பாதி உண்மை. அடுப்பருகே வைத்தால் சிவப்பு எரியும் என்பதை முந்தின நாளே பார்த்திருந்தேன்.

"எனக்கு மட்டும் சூடு படலாமா? முன்னைக்குப் புகை கம்மிதான், இல்லன்னு சொல்லல. ஆனா இன்னும் கண்ணு எரியுதே. அதை உன் பொட்டி சொல்லலியே."

மெஸ்காரர் என்னைப் பார்த்தார். பேச்சை மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். அக்காவின் சிவந்த கண்ணைப் பார்த்தபின் அதற்கு மனம் வரவில்லை.

"அடுப்புகிட்ட வச்சா சிவப்புதான்க்கா காட்டும். கூண்டை இன்னும் கீழ இறக்கணும்" என்று மெஸ்காரர் காதுபடவே சொன்னேன்.

அந்த ஆர்டர் வரவில்லை. ஆனால் பெட்டியை எங்கே மாட்டுவது என்று இன்றுவரை சமைக்கிறவரைத்தான் கேட்கிறேன்.

அன்று அக்கா பெட்டியைக் கழற்றி, அடுப்பருகே தன் முக உயரத்தில் இருந்த ஆணியில் மாட்டினார். "சாருக்கு ரெண்டு தோசை ஊத்து" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வாசலில் போய் நின்றார்.